ஒன்றாய் இருந்தவர்கள்

வைத்தது ஒரே ஒரு கருவைத்தான். அதில் லோஜினிக்குச் சந்தேகமே இல்லை. கண்டியில் கருத்தரிப்புச் சிகிச்சை நிலையத்துக் கட்டிலில் அவள் படுத்திருந்தபோது, எல்லாரும் டொக்டர் நோனா என்று கூப்பிடுகிற பெண் மருத்துவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டியிருந்தார். சாம்பல் நிறத்தில் தூறல் போட்டது போலிருந்த அந்தப் படத்துக்குள், மெல்லிய குழாயின் நுனியிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டு நழுவி வந்து நின்றது.

"அந்த வெள்ளை, காத்துக் குமிழ். பேபி அதுக்குப் பக்கத்துல இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது" என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

அதனால்தான் ஏழாவது வாரத்து ஸ்கேனில், அதே டொக்டர் நோனா பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, லோஜினியின் மனம் கெட்ட பக்கமே ஓடியது. முதல் தடவை வைத்த கருவும் இந்த ஏழாவது வாரம் வரை வந்திருந்தது. துடிப்பு இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அன்றைக்கும் அவர் இப்படித்தான் பேசாமல் இருந்தார்.

தலைமாட்டில் நின்ற நிரோஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போகிற லொறிச் சாரதி. கரட்டும் லீக்சும் ஏற்றி இறக்கிக் காய்த்துப்போன கை.

"பபாலா தென்னெக் இன்னவா" என்றார் டொக்டர் நோனா, தமிழ் பேசுவதை மறந்து.

சிங்களம் நிரோஷனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் கை இறுகியது. "ரெண்டு பேரு இருக்காங்களாம், லோஜி."

"ஒண்ணுதானே வச்சீங்க நோனா?"

"ஒண்ணுதான் வச்சது. உள்ள போன பிறகு அது தானா ரெண்டாப் பிரிஞ்சிருக்கு." டொக்டர் நோனா கையுறை போட்ட இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "மேக்க அபே வெடக் நெமெய்."

இது எங்கள் வேலை இல்லை என்று அர்த்தம். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பயபக்தி இருந்தது. பிறகு திரையைத் திருப்பினார். அவரைக் கொட்டை அளவில் ஒரு இருட்டு. அதற்குள் இரண்டு நெல்மணிகள். இரண்டின் நடுவிலும் ஒவ்வொரு துடிப்பு. ஒன்று சேர்ந்து துடிக்கவில்லை. அதது தன் போக்கில் துடித்துக்கொண்டிருந்தது.

லோஜினி கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். காலையில் பெரட்டில் பேர் பதிந்து முடிந்து கொழுந்து எடுக்க மலைக்கு ஏறுகிற பெண்கள், போகிற வழியில் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப்போவார்கள். தொட்டில் ஆட்டுவது, சளி துடைப்பது, சோறு ஊட்டுவது, மாதம் ஒருமுறை தராசுத் தூளியில் போட்டு எடை பார்ப்பது எல்லாம் அவள் பாடு. நடுக்காலையில் தாய்மார் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். அந்த நேரத்தில் மட்டும் அவள் அங்கே நிற்கமாட்டாள். ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவள் கையில் தவழ்ந்து எழும்பிய பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். வழியில் கண்டால் "அக்கா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள்.

கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருக்கிறது, வெளியே வைத்துத்தான் கருவாக்க வேண்டும் என்று கண்டியில் சொன்னார்கள். நிரோஷன் யோசிக்கக்கூட இல்லை. லொறியில் தனக்கிருந்த பங்கைக் கூட்டாளிக்கே விற்றுவிட்டு, அதே லொறியில் சம்பளத்துக்கு ஓட ஆரம்பித்தான். அது பற்றி அவன் வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

முட்டை விளைவதற்குத் தினமும் வயிற்றில் ஊசி குத்த வேண்டும். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். தோட்டத்து லய வரிசையில் யார் வீட்டிலும் பிரிஜ் இல்லை. கந்தப்பளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த றம்ஸியாவிடம் போய் லோஜினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். றம்ஸியா ஒன்றும் விசாரிக்கவில்லை. யோகட் கோப்பைகளைத் தள்ளி வைத்துவிட்டு மருந்துப் பெட்டிக்கு இடம் பண்ணினாள்.

"யாரு குத்திவிடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

"நானேதான் குத்திக்கணும்னு காட்டித் தந்தாங்க. கை வரமாட்டேங்குதுக்கா."

"எங்க உம்மாக்கு எட்டு வருசமா இன்சுலின் குத்தினவ நான். வாங்க உள்ளுக்கு."

அன்றிலிருந்து தினமும் அந்தி நேரத்தில், கடைக்குப் பின்னால் சீனி மூட்டைகளுக்கு நடுவில், லோஜினி சேலையை விலக்கிக்கொண்டு நிற்பாள். றம்ஸியா பிஸ்மி சொல்லி ஊசியை இறக்குவாள். லோஜினி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு விகற்பமும் தோன்றியதில்லை.

அப்படி விளைந்த முட்டைகளை எடுத்து, நிரோஷனின் வித்தோடு கண்ணாடித் தட்டில் சேர்த்ததில், இரண்டு கருக்கள்தான் தேறின. முதலாவதை வைத்தார்கள். அது ஏழு வாரத்தோடு நின்றுபோனது. மற்றதை உறைய வைத்திருந்தார்கள்.

மறுபடி கண்டிக்குப் போக லோஜினிக்குப் பல மாதம் துணிவு வரவில்லை. ஜனவரியில் உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்து நிற்கும். வெயில் ஏற ஏறத் தேயிலைக் கொழுந்து கருகிச் சுருளும். அந்தக் குளிருக்கே இந்தக் கதி. இதைவிடப் பல மடங்கு குளிரில் தன் பிள்ளை ஒன்று கண்டியில் இருக்கிறதே என்று அவள் நினைப்பாள். அது செத்ததும் இல்லை, வளர்ந்ததும் இல்லை. காத்துக்கொண்டிருந்தது. உயிர் என்பது அப்படியும் இருக்குமா என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மழைக்காலம் வருவதற்குள் அவளே நிரோஷனிடம் சொன்னாள்.

"போய்க் கூட்டிட்டு வந்துருவோங்க. எவ்வளவு நாளைக்குத்தான் அங்கேயே இருக்கும்."

அந்த ஒன்றுதான் இப்போது இரண்டாகியிருந்தது.

சந்தோஷத்தை முழுசாகக் கொண்டாட டொக்டர் நோனா விடவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்பதால் இரண்டு பேருக்கும் இரத்தம் ஊட்டுகிற நஞ்சு ஒன்றுதான். ஒரே நஞ்சிலிருந்து இரண்டு கொடி. பங்கு சரிசமமாகப் போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும், மாதம் நிறைவதற்கு முன்பே பிறக்கவும் கூடும் என்றார். இனி கண்டிப் பக்கத்துப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே காட்டும்படி எழுதிக் கொடுத்தார்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறினாள். இறம்பொடை வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். பையில் கறிவேப்பிலை வைத்திருந்து முகர்ந்துகொண்டே போவாள். ஐந்தாம் மாதத்தில் அசைவு தெரிந்தது. இடது பக்கம் ஒரு உதை, ஆள் யாரென்று தெரிகிற மாதிரி. வலது விலாவுக்குக் கீழே வேறொன்று, துணிக்குள் அகப்பட்ட விட்டில் சிறகடிப்பது போல. பெரியவள், சின்னவள் என்று அவள் பெயர் வைத்துக்கொண்டாள். பெண் பிள்ளைகள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளாக முடிவு செய்ததுதான்.

ஏழாம் மாதம் தொடங்கியபோது சின்னவள் வளராமல் நின்றுவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் டொக்டர் நிதானமான மனிதர். தாதி ஒருத்தியைத் தமிழுக்கு வைத்துக்கொண்டு, ஒளிக்காமல் சொன்னார். சின்னவளின் கொடியில் இரத்தம் தங்கித் தங்கித்தான் போகிறது. அவள் உள்ளேயே இறந்துபோனால் இருவருக்கும் இரத்த ஓட்டம் ஒன்றாக இருப்பதால் பெரியவளுக்கும் ஆபத்து. இப்போதே வெளியே எடுத்தால் இரண்டு பேருமே மிகவும் சிறியவர்கள். காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் இரண்டு பேருக்கும் லாபம், காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் ஆபத்து.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேக்கிறாரு" என்றாள் தாதி.

லோஜினி வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். விட்டில் ஒருமுறை சிறகடித்தது.

"அவ இன்னும் கொஞ்சம் இருப்பான்னு சொல்லுங்க. இருக்க முடியாத அன்னைக்கு எடுத்துருங்க."

தாதிக்கு அதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்தது. டொக்டர் தலையசைத்தார். பிள்ளைகளின் நுரையீரல் முதிர்வதற்கு லோஜினிக்கு ஊசி போட்டார்கள். ஊருக்கு அனுப்பவில்லை. அங்கேயே கட்டில் கொடுத்தார்கள்.

தினமும் காலையில் தாதி வந்து வயிற்றில் கருவியை வைத்து இரண்டு துடிப்பையும் தேடுவாள். பெரியவள் உடனே அகப்படுவாள். குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம். சின்னவளைத் தேட வேண்டும். கருவி அங்கும் இங்கும் நகரும். இரைச்சல் மட்டும் கேட்கும். பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்கள், சிங்களமும் தமிழுமாக, பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். தூரத்திலிருந்து வருவது போல அந்தச் சின்னச் சத்தம் எழும்பியதும் வார்டே மூச்சு விடும். அப்படி இரண்டரைக் கிழமை தாங்கினாள். சின்னவள் தாங்கினாள் என்றுதான் லோஜினி பின்னாளில் சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்கேன் பார்த்த டொக்டர், "அத" என்றார். இன்றைக்கு.

சீசர் ஒப்பரேசனுக்கு முதுகில் ஊசி போட்டதால் அவளுக்கு வலி இல்லை, நினைவு இருந்தது. மார்புக்கு நேரே பச்சைத் துணி மறைத்திருந்தது. யாரோ வயிற்றுக்குள் கைவிட்டு அலமாரியைத் துழாவுவது போல இருந்தது. ஒரு அழுகை கேட்டது. சின்ன அழுகைதான், ஆனால் கோபமான அழுகை. அது பெரியவள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து அழுகை வரவில்லை.

துணிக்கு அப்பால் காலடிகள் ஓடின. யாரோ சுருக்கமாக எதையோ கேட்டார்கள், யாரோ கொடுத்தார்கள். லோஜினி கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாமியைக் கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. காதை மட்டும் தீட்டி வைத்திருந்தாள். நெடு நேரம் கழித்து, அல்லது நெடு நேரம் போல ஏதோ ஒன்று கழித்து, கதவுக் கீல் முனகுவது போல மெல்லிய ஒலி வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"ஹரி, ஹரி" என்றது துணிக்கு அப்பால் ஒரு ஆண் குரல். சரி, சரி.

மறுநாள்தான் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரியவள் ஒரு கண்ணாடிப் பெட்டியில், சின்னவள் பக்கத்துப் பெட்டியில். லோஜினி நினைத்தது போலவே இரண்டும் பெண்கள்.

எத்தனையோ பிள்ளைகளைத் தராசில் தூக்கி நிறுத்தியவள் அவள். எடை குறைந்த பிள்ளை என்றால் எப்படியிருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாள். ஒரு கிலோச் சீனிப் பக்கற்றின் கனம்கூட இல்லாத உயிரை அவள் பார்த்ததில்லை. சின்னவளின் தோல் சிவந்து, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. காது மடல் ஈரத் துணி போல மடிந்துகிடந்தது. தோளில் பூனைமயிர். கட்டுப் போடும் வலைத்துணியை வெட்டி, ஒரு முனையில் முடிச்சுப் போட்டுத் தொப்பியாக மாட்டியிருந்தார்கள். அதுவும் அவளுக்குப் பெரிது. மூக்கில் குழாய், காலில் துடிப்பைப் பார்க்கிற சிவப்பு விளக்கு. இத்தனைக்கும் நடுவில் விரல்கள் இருந்தன, விரல்களில் நகம் இருந்தது, ஒவ்வொரு நகமும் வெட்டி ஒழுங்காக்கியது போல இருந்தது. லோஜினி அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அவசரத்திலும் யார் உட்கார்ந்து இதைச் செய்தது என்று நினைத்தாள்.

"அத தியன்ன, நங்கி" என்றாள் தாதி. கையை வை, தங்கச்சி. பெட்டியின் பக்கத்துத் துவாரத்தைத் திறந்துவிட்டாள்.

லோஜினிக்குக் கை போகவில்லை. பிள்ளை தூக்கியே பழகிய கை. தாதி அந்தக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், தடவக் கூடாது, சும்மா மூடி வை என்று காட்டினாள். உள்ளங்கை முழுப் பிள்ளையையும் மூடிவிட்டது. அதற்குக் கீழே, ஆச்சரியப்படும்படியான வேகத்தில், ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் நாளுக்கு நாள் தேறினாள். சின்னவள் அடிக்கடி மூச்சு விட மறந்துபோனாள். குறைமாதப் பிள்ளைகள் அப்படித்தான், மூளை இன்னும் அதைப் பழகவில்லை என்று விளக்கினார்கள். பெட்டி கூவும். தாதி வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவாள். சின்னவள் திடுக்கிட்டு மூச்சை இழுப்பாள். ஒவ்வொரு தடவையும் லோஜினியும் மூச்சை மறந்துபோய்த் திரும்ப இழுப்பாள்.

பெட்டியின் சூட்டைவிடத் தாயின் நெஞ்சுச் சூடு நல்லது என்று, தோலோடு தோலாகப் பிள்ளையை அணைத்து வைத்திருக்கச் சொன்னார்கள். லோஜினி பெரியவளை அணைத்திருந்தாள். சின்னவளுக்கு இன்னொரு நெஞ்சு வேண்டும்.

அன்று நிரோஷன் தம்புள்ளையில் சரக்கை இறக்கிவிட்டு நேரே வந்திருந்தான். கதவோரத்தில் நின்றான்.

"தாத்தா, என்ன" என்று தாதி கூப்பிட்டாள்.

அவன் அசையவில்லை. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. வாங்கப்பா என்கிறாள். நாளெல்லாம் சிங்களம் பேசுகிற அவனுக்கு அது தெரியாமலில்லை. அந்தப் பெயரால் அவனை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"ஒங்களத்தாங்க" என்றாள் லோஜினி.

குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். சவர்க்காரம் கரையக் கரையக் குளித்தும் லீக்ஸ் வாசம் போகவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையைத் திறந்து, குழாய்களோடு சேர்த்துச் சின்னவளைத் தூக்கி அவன் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். மலைவளைவில் பிரேக் பிடிக்காத லொறியை ஒருமுறை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தியவன் அவன். அன்றைக்குக்கூட இப்படி வேர்த்ததில்லை என்று பிறகு சொன்னான்.

"பாட்டுப் பாடுங்க. பேசுங்க. சத்தம் கேட்டா மூச்ச மறக்க மாட்டா" என்றாள் தமிழ் தெரிந்த தாதி.

நிரோஷனுக்குத் தாலாட்டுத் தெரியாது. சினிமாப் பாட்டுப் பாட வெட்கம். கொஞ்ச நேரம் உதட்டை நனைத்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"இப்போ கந்தப்பளையில லோட் ஏத்தியாச்சு தங்கம். மெதுவாத்தான் போறோம். நுவரெலியா தாண்டியாச்சு. இது லபுக்கலை, ஒரே பனி, முன்னுக்கு ஒண்ணும் தெரியல்ல. லைட்டப் போட்டுக்கிட்டம். இந்தா இறம்பொடை, தண்ணி விழுகிற சத்தம் கேக்குதா? வளைவு நெறைய. பயப்படாத, அப்பா இருக்கேன். புசல்லாவ. கம்பளை..."

லோஜினி பெரியவளை அணைத்தபடி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் கண் மூச்சைக் காட்டுகிற திரையில் இருந்தது. சின்னவளுக்குரிய பச்சைக் கோடு இதுவரை ஒழுங்காக ஓடி அவள் பார்த்ததில்லை. இப்போது அது ஓடியது. பேராதனை வந்தது, கண்டி வந்தது, பெட்டி கூவவில்லை. மாத்தளை தாண்டினான். நாவுலயில் கரட்டுக்குத் தண்ணீர் தெளிக்க நிறுத்தினான். தாதிமார் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றார்கள். தம்புள்ளை வந்து சரக்கை இறக்கியும் ஆயிற்று. சின்னவள் ஒருமுறையும் மூச்சை மறக்கவில்லை. சங்கு போல மூடிய ஒரு கை அவன் நெஞ்சுமயிரைப் பற்றியிருந்தது.

"இப்போ என்ன செய்றது?" என்று அவன் உதட்டை அசைத்துக் கேட்டான். அவன் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக் கையை எடுக்க அவனுக்குப் பயம்.

"திரும்பி வாங்க" என்றாள் லோஜினி.

அவன் வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு கந்தப்பளைக்குத் திரும்பினான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் முதல் தடவையாக ஒன்றாக லோஜினியின் நெஞ்சில் போட்டார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டதில்லை. தொட்டதும் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. பெரியவள் கொட்டாவி விட்டாள். சின்னவள் தலையை இப்படியும் அப்படியும் உரசி, அக்காளின் கழுத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்து, அங்கே நெற்றியை வைத்துத் தூங்கிப்போனாள். அவளுக்கு அந்த இடம் முன்பே பழக்கம் போலிருந்தது. லோஜினி அசையாமல் கிடந்தாள். தன் உடம்புக்குள் இவ்வளவு நாளும் நடந்தது என்ன என்பதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது.

அவர்கள் தோட்டத்துக்கு வந்த அன்று, லயமே திரண்டு வந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை, சளி இருமல் ஒட்டிவிடும் என்று அவர்களாகவே பயந்தார்கள். கொழுந்து மலைக் கங்காணி நல்லமுத்து, எதற்கும் ஒரு குத்தல் பேச்சு வைத்திருப்பவர், குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"ஊசி போட்டு வந்த புள்ளைங்கன்னாங்க. நான் என்னமோ நெனச்சேன்" என்றார். லோஜினியின் பக்கம் திரும்பி, "ஒன் மூக்குத்தான் ரெண்டுக்கும்" என்றார்.

றம்ஸியா கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். அவள் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, சின்னவளை மடியில் வாங்கிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. ஓதி முடித்துப் பிள்ளையின் நெற்றியில் மெல்ல ஊதினாள்.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று கதைக்காகச் சொல்லிவிடலாம். உண்மை அதைவிடக் கொஞ்சம் மெதுவானது. சின்னவளுக்குக் கண் பரிசோதனை, காதுப் பரிசோதனை என்று கண்டிக்கு அலைந்தார்கள். கண்ணும் காதும் தப்பின. வலது காலில் ஒரு விறைப்பு இருந்தது. காலை நீட்டி மடக்கிப் பழக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். லோஜினி பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அந்தக் காலை நீட்டி மடக்குவாள். பெரியவள் தருணிகா ஒன்றேகால் வயதில் நடந்தாள். சின்னவள் துளசிகா இரண்டு வயது நெருங்கும்வரை சுவரைப் பிடித்தே நின்றாள். ஒரு நாள் காலையில், பால் கொடுக்க வந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சுவரை விட்டாள். காலைச் சற்று இழுத்து, தோளை ஆட்டி, குறுக்கே நடந்து போய் ஒரு டம்ளரை எடுத்தாள். லோஜினி துணி காயப்போடப் பின்பக்கம் போவதை விட்டு வெகு நாளாகியிருந்தது. அங்கேயே நின்று பார்த்தாள்.

அந்த மாதமே பிள்ளைகளை டொக்டர் நோனாவுக்குக் காட்ட வேண்டுமென்று கண்டிக்குப் போனார்கள். அவர் இருவரையும் இரு தொடையிலும் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார். பிறகு தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டார்.

உள்ளே நுழையக் கூடாதென்று எழுதியிருந்த ஒரு கதவைத் திறந்துகொண்டு, வெள்ளை மேலங்கியும் முக்காடுமாக ஒரு இளம் பெண் வந்தாள். ஜிப்ரியா என்று பெயர். கருக்களைப் பார்த்துக்கொள்கிற ஆய்வுகூடத்தில் வேலை. அவளை லோஜினி இதற்கு முன் கண்டதில்லை. அவளும் லோஜினியைக் கண்டதில்லை. தாயும் தகப்பனும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாராமல் நேரே பிள்ளைகளைத்தான் பார்த்தாள்.

"எனக்கு உங்கட பேரு ஞாபகம் இருக்கு" என்றாள். "நாங்க வளர்க்கிறோம், கொடுத்தனுப்புறோம். பொறகு என்ன ஆச்சுன்னு பாக்கக் கிடைக்கிறது குறைவு. ஆனா உங்கடத நான் மறக்கல்ல."

"ஏன் மிஸ்?"

"குளிரிலருந்து எடுத்தா எல்லாக் கருவும் சுருங்கித்தான் இருக்கும். கொஞ்ச நேரத்துல தண்ணி குடிச்ச மாதிரி விரியும். உங்கடது விரியல்ல. நானும் பாத்துப் பாத்து இருந்தேன். முடிஞ்சிச்சுன்னு டொக்டர்கிட்டச் சொல்லப் போக எழும்பினேன்." அவள் தரையில் குந்தி, பிள்ளைகளின் உயரத்துக்கு வந்தாள். "சரி, இன்னும் ஒருக்காப் பாப்போம்னு குனிஞ்சேன். ஒரு ஓரத்துல லேசா ஒளி பட்ட மாதிரி இருந்திச்சு. அந்த ஓரத்துலருந்து மெல்ல மெல்ல விரிஞ்சு வந்திச்சு. தூங்கி எழும்புற மாதிரி. நான் அந்த எடத்துலயே அழுதிட்டேன்."

லோஜினி வாயில் கையை வைத்துக்கொண்டாள். தான் வெளியே கட்டிலில் படுத்து, குளிருக்குக் காலைச் சேர்த்துக்கொண்டு காத்திருந்த அந்தக் காலையில், ஒரு சுவருக்கு அப்பால், முகம் தெரியாத ஒருத்தி தன் பிள்ளைக்காகக் குனிந்து காத்திருந்திருக்கிறாள்.

"அப்போ இவங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தாள்.

"அப்போ ரெண்டு பேரு இல்ல. ஓராள்."

நிரோஷன் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தான்.

"மிஸ், நீங்க அன்னைக்குப் பாத்தது இதுல யார?"

ஜிப்ரியா சிரிக்கப் போனாள். கேள்வி உள்ளே இறங்கியதும் சிரிப்பு நின்றது. தருணிகாவைப் பார்த்தாள். பிறகு துளசிகாவைப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"தெரியல்ல" என்றாள் மெதுவாக.

பிள்ளைகள் இருவரும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார்கள்.